அகன்ற பட்டை வானொலி அதிர்வெண் திறன் பெருக்கி

அகன்ற பட்டை வானொலி அதிர்வெண் திறன் பெருக்கி என்பது, பரந்த அதிர்வெண் எல்லைக்குள் வரும் எந்தச் சமிக்ஞையையும் அலைவாங்கிக்கு அனுப்பத்தக்க அளவுக்கு வலுப்படுத்தும் மின்னணுச் சுற்று ஆகும். அலைபரப்பியின் இறுதிக் கட்டமாக அமைவது இதுவே. செல்பேசிக் கோபுரம், வானொலி நிலையம், காவல்துறைக் கம்பியில்லாக் கருவி, செயற்கைக்கோள் ஆகிய எல்லாவற்றிலும் இது உண்டு. அலைபரப்பி உட்கொள்ளும் மின்சாரத்தின் பெரும்பகுதியை இக்கட்டமே எடுத்துக்கொள்கிறது. எனவே ஓர் அலைபரப்பியை இயக்குவதற்கான செலவைப் பெரும்பாலும் இதன் பயனுறுதிறனே முடிவு செய்கிறது.

அகன்ற பட்டை, உயர்ந்த பயனுறுதிறன் என்னும் இரு பண்புகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்பட்ட பெருக்கியில் பயனுறுதிறனை உயர்த்துவது ஒப்பீட்டளவில் எளிது. பயனுறுதிறனைப் பொருட்படுத்தாவிட்டால் பட்டையை விரிப்பதும் எளிதே. இரண்டையும் ஒருசேரப் பெறுவதே வடிவமைப்பாளரின் சிக்கலாகும்.

தேவை எழும் இடம்

இச்சிக்கலின் நடைமுறைப் பொருளை உணர்வதற்கு மலைப்பகுதிக் கோபுரங்கள் நல்ல எடுத்துக்காட்டாகும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியுள்ளது. வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் வழங்கப்படுகின்றன. முன்னதன் சராசரி உயரம் ஏறத்தாழ 2,700 அடி, பின்னதன் சராசரி உயரம் ஏறத்தாழ 4,000 அடி. வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களைத் தவிர, மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் பலவும் பள்ளத்தாக்குகளிலும் சரிவுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. கள்ளக்குறிச்சிச் சமவெளியில் நிற்கும் கோபுரத்தின் அலை, முகட்டுக்கு அப்பால் உள்ள ஊரை எட்டுவதில்லை. முகடு அதனை மறைத்துவிடுகிறது. மலையின் மேலேயே கோபுரம் அமைந்தால்தான் அங்கே இணைப்புக் கிடைக்கும். மின்தடை நேரும் மலைமுகட்டில் அக்கோபுரத்தை இயக்குவது மின்கலமோ சூரிய மின்தகடோ டீசல் மின்னாக்கியோ ஆகும். டீசல் என்றால் அதனை மலைப்பாதையில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும்.

இணைப்பு இல்லாத ஊர்களுக்கு 4ஜி சேவை வழங்கும் திட்டத்துக்கு இந்திய அமைச்சரவை 2022 சூலை 27 அன்று ஒப்புதல் அளித்தது. 24,680 ஊர்களை இலக்காகக் கொண்ட அதன் மதிப்பீடு 26,316 கோடி ரூபாய். செயற்படுத்தும் பொறுப்பு பி.எஸ்.என்.எல். நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் உள்நாட்டு 4ஜி வலையமைப்பு 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் சார்சுகுடாவில் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. இதில் வானொலிக் கருவிகளைத் தேசசு நெட்வொர்க்சும், மைய வலையமைப்பைச் சி-டாட்டும் உருவாக்கின; டி.சி.எஸ். ஒருங்கிணைத்தது. தொலைவூர்களுக்கான கோபுரங்கள் சூரிய மின்னாற்றலில் இயங்குபவை என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது.

பி.எஸ்.என்.எல். 4ஜி சேவை 700 மெகாஹெர்ட்ஸ், 2100 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு பட்டைகளில் இயங்குகிறது. கோபுரத்திலிருந்து கைபேசிக்குச் செல்லும் திசையில், முதற் பட்டை 758 முதல் 803 வரையிலும் இரண்டாவது 2110 முதல் 2170 வரையிலும் அமைந்தவை. ஒரே வகை அலைவாங்கிகளைக் கொண்டு வெற்றுவெளியில் ஒப்பிட்டால், முதற் பட்டையின் இழப்பு ஏறத்தாழ 9 டெசிபெல் குறைவு. அதாவது பெறப்படும் திறன் எட்டு மடங்கு அதிகம். முகடுகளைச் சுற்றி வளைந்து செல்லும் தன்மையும் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கே கூடுதல். ஆகவே மலைக்கு 700 பட்டை தேவை. ஆனால் மிகுந்த தரவு வேகத்துக்கு மேல்பட்டையும் வேண்டும். இரண்டையும் ஒரே பெருக்கியால் தரமுடியுமானால் கோபுரத்தின் எடையும் செலவும் குறையும்.

பயனுறுதிறனும் வகுப்புகளும்

வெளிவரும் வானலைத் திறனை, உட்செலுத்தப்படும் நேர்திசை மின்திறனால் வகுத்தால் கிடைப்பது பயனுறுதிறன் ஆகும். எஞ்சியது வெப்பமாகிறது. டிரான்சிஸ்டரின் முனைகளுக்கிடையே மின்னழுத்தமும் அதனூடே மின்னோட்டமும் ஒரே நேரத்தில் இருக்கும்போதுதான் வெப்பம் உண்டாகிறது. எனவே மின்னோட்டம் பாயும்போது மின்னழுத்தம் இல்லாமலும், மின்னழுத்தம் உள்ளபோது மின்னோட்டம் பாயாமலும் செய்வதே எல்லா உத்திகளின் சாரமாகும்.

மின்னோட்டம் எப்போதும் பாயும் ஏ வகுப்பில் கருத்தியல் உச்சம் 50 விழுக்காடு. அரைச் சுழற்சி மட்டும் பாயும் பி வகுப்பில் இது 78.5 விழுக்காடு. இதற்கு மேலே செல்ல, அலையின் வடிவத்தையே மாற்றவேண்டும். ஹார்மானிக் எனப்படும் மடங்கு அதிர்வெண்களைக் கொண்டு இதனைச் செய்கின்றனர். எஃப் வகுப்பில் மூன்றாம் மடங்கைச் சேர்த்து மின்னழுத்த அலையின் உச்சியைத் தட்டையாக்குவர். மூன்றாம் மடங்கை மட்டும் பயன்படுத்தினாலே கருத்தியல் உச்சம் 90.7 விழுக்காட்டை எட்டும். டிரான்சிஸ்டரை வெறும் சுவிட்சாக இயக்கும் ஈ வகுப்பை நேதன் சோக்கலும் அவர் மகன் ஆலன் சோக்கலும் 1975 இல் வெளியிட்டனர். கருத்தியலில் அது 100 விழுக்காடு. நடைமுறையில் டிரான்சிஸ்டரின் உள் மின்தேக்கமும் தடையும் இந்த எண்களைக் குறைத்துவிடும்.

இந்த உயர்வுகள் யாவும் மடங்கு அதிர்வெண்களில் குறிப்பிட்ட மின்மறுப்பைக் காட்டுவதால் வருபவை. மின்மறுப்பு என்பது மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பு. அது அதிர்வெண்ணுக்கேற்ப மாறும். இங்கேதான் பட்டையகலத்துடன் மோதல் தொடங்குகிறது.

பட்டையகலத்தின் எல்லைகள்

முதல் எல்லை, பொருத்தச் சுற்றைச் சார்ந்தது. அலைவாங்கிக் கம்பிவடத்தின் மின்மறுப்பு வழக்கமாக 50 ஓம். டிரான்சிஸ்டர் விரும்பும் சுமை அதைவிடப் பெரிதும் குறைவு. மின்வழங்கல் அழுத்தத்தின் வர்க்கத்தை, வேண்டிய திறனின் இருமடங்கால் வகுத்தால் அச்சுமை ஏறத்தாழக் கிடைக்கும். 28 வோல்ட்டில் 100 வாட் வேண்டுமெனில் 3.9 ஓம், 50 வோல்ட்டில் அதே திறனுக்கு 12.5 ஓம். இரு மின்மறுப்புகளுக்கிடையே உள்ள விகிதம் கூடக்கூடப் பொருத்தச் சுற்றின் தரக்காரணி உயர்ந்து, அது இசையும் பட்டை சுருங்குகிறது. ஒரே படியில் பொருத்தினால் முதலாவதற்குத் தரக்காரணி 3.4, இரண்டாவதற்கு 1.7. பல படிகளாகப் பிரித்தால் பட்டை விரியும். ஆனால் ஒவ்வொரு படியிலும் சிறிது திறன் இழக்கப்படும். படிகளைக் கூட்டிக்கொண்டே போவதை அனுபவமில்லாத வடிவமைப்பாளர் தீர்வாகக் கருதுவதுண்டு. மூன்று நான்கு படிகளுக்கு மேல் அது பெரும்பாலும் வீண்.

இரண்டாவது எல்லை இன்னும் கடுமையானது. டிரான்சிஸ்டரின் வெளியீட்டில் உள்ள மின்தேக்கத்தை எந்தச் சுற்றாலும் முற்றாக நீக்கமுடியாது. என்றிக் போடி 1945 இலும் இராபர்ட்டு ஃபானோ 1950 இலும் இதற்கான கணித வரம்பை நிறுவினர். தடையும் மின்தேக்கமும் இணையாக உள்ள சுமைக்கு, பட்டையகலத்தையும் பொருத்தத்தின் தரத்தையும் பெருக்கிக் கிடைப்பது ஓர் அளவைத் தாண்டாது என்பதே அதன் சாரம். எடுத்துக்காட்டாக, 12.5 ஓம் தடையும் 20 பிக்கோஃபாரடு மின்தேக்கமும் கொண்ட சாதனத்தில், மின்னழுத்தத்தின் பத்தில் ஒரு பங்கு மட்டுமே எதிரொளிக்கவேண்டும் என்றால் ஏறத்தாழ 870 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை கிடைக்கும். பத்தில் மூன்று பங்கு எதிரொளிப்பைப் பொறுத்துக்கொண்டால் அது 1660 மெகாஹெர்ட்ஸ் ஆகும். இவை முடிவிலாச் சுற்றுறுப்புகளுக்கான உச்சங்கள். எவ்வளவு திறமையான கணினி நிரலும் இவ்வரம்பைக் கடக்க உதவாது.

மூன்றாவது எல்லை மடங்கு அதிர்வெண்களால் வருவது. 758 மெகாஹெர்ட்சின் இரண்டாம் மடங்கு 1516; மூன்றாம் மடங்கு 2274. ஒரே பெருக்கி 758 முதல் 2170 வரை இயங்கவேண்டுமானால், 1516 அதன் பட்டைக்குள்ளேயே விழுகிறது. அங்கே சமிக்ஞை வந்தால் அதை அலைவாங்கிக்கு அனுப்பவேண்டும். 758 இன் மடங்காக வந்தால் குறுக்குச் சுற்றில் தள்ளவேண்டும். ஒரே அதிர்வெண்ணில் ஒரு சுற்று இரண்டு மின்மறுப்புகளைக் காட்ட இயலாது. ஆகவே மடங்குகளை வடிவமைத்துப் பெறும் பயனுறுதிறன், மேலெல்லை கீழெல்லையின் இருமடங்குக்குள் அடங்கும் பட்டைகளுக்கே உரியது. இதற்கு ஓரளவு விலக்கு உண்டு: இரு டிரான்சிஸ்டர்களை எதிரெதிர்க் கட்டத்தில் இணைக்கும் தள்ளு-இழு அமைப்பில் இரட்டைப்படை மடங்குகள் வெளியீட்டில் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. சில மெகாஹெர்ட்சிலிருந்து சில நூறு மெகாஹெர்ட்சு வரை இயங்கும் கம்பியில்லாக் கருவிகளில் இவ்வமைப்பும், குவனெல்லா 1944 இல் விளக்கிய செலுத்துதட மின்மாற்றியும் சேர்ந்து பயன்படுகின்றன.

இக்காரணத்தால் 700 பட்டைக்கும் 2100 பட்டைக்கும் தனித்தனிப் பெருக்கிகளே வழக்கம். 1805 முதல் 2170 வரையிலான பகுதியை ஒன்றாக்குவது இயலும்; அதன் அகலம் மைய அதிர்வெண்ணில் ஏறத்தாழ 18 விழுக்காடு மட்டுமே.

தொடர்வகுப்புக் கருத்து

மடங்குகளைக் குறுக்குச் சுற்றில் தள்ளவேண்டும் என்னும் பி வகுப்பின் நிபந்தனை, ஒரு காலத்தில் மாற்றமுடியாததாகக் கருதப்பட்டது. தீவ் கிரிப்சும் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழுவினரும் 2009 இல் இதைத் தளர்த்தினர். அடிப்படை அதிர்வெண்ணில் சுமைக்குச் சிறிது எதிர்வினைக் கூறு சேர்த்து, அதற்கு ஈடாக இரண்டாம் மடங்கிலும் தூய எதிர்வினைச் சுமையைக் காட்டினால், திறனும் 78.5 விழுக்காட்டுப் பயனுறுதிறனும் அப்படியே நிற்கும் என்று காட்டினர். இவ்விரு கூறுகளும் ஒரு தொடர் எல்லைக்குள் எந்த மதிப்பையும் கொள்ளலாம். இதன் ஒரு முனை ஜே வகுப்பு எனப்படுகிறது. ஒற்றைப் புள்ளியாக இருந்த தீர்வு கோடாக மாறியதால், அதிர்வெண் மாறும்போது சுற்றின் மின்மறுப்பு அக்கோட்டின் மீது நகர்ந்தால் போதும்.

இச்சலுகை இலவசமாகக் கிடைப்பதில்லை. ஜே வகுப்பில் டிரெயின் முனையின் உச்ச மின்னழுத்தம் வழங்கல் அழுத்தத்தின் 2.9 மடங்கு வரை உயர்கிறது. பி வகுப்பில் அது 2 மடங்கே. 48 வோல்ட் வழங்கலில் 140 வோல்ட்டைத் தாங்கும் சாதனம் வேண்டும். புதிய அரைக்கடத்திப் பொருள் இல்லாமல் இக்கருத்து நடைமுறைக்கு வந்திருப்பது கடினம்.

காலியம் நைட்ரைடு

நெடுங்காலம் செல்பேசிக் கோபுரங்களில் 28 வோல்ட் சிலிக்கன் எல்டிமாஸ் டிரான்சிஸ்டர்களே ஆட்சி செய்தன. காலியம் நைட்ரைடின் ஆற்றல் இடைவெளி 3.4 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கனுடையது 1.1. அது தாங்கும் மின்புலம் சிலிக்கனைவிடப் பத்து மடங்கு. எனவே சிறிய சாதனம் உயர்ந்த மின்னழுத்தத்தில் மிகுந்த திறனைத் தருகிறது. சுமை மின்மறுப்பு 50 ஓமை நெருங்குகிறது, வாட்டுக்கு உரிய மின்தேக்கமும் குறைகிறது. மேலே சொன்ன முதல் இரு எல்லைகளும் ஒருசேர விலகுவதால்தான் அகன்ற பட்டை வடிவமைப்பாளர்கள் இப்பொருளை நாடுகின்றனர்.

இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் டெல்லி திண்மநிலை இயற்பியல் ஆய்வகம், 4 அங்குல சிலிக்கன் கார்பைடு வில்லைகளையும், அவற்றின் மீது 150 வாட் வரையிலான காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களையும் ஆக்கும் முறையை உருவாக்கியுள்ளதாக 2024 இல் அறிவிக்கப்பட்டது. சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் அமைத்த 5ஜி சோதனைத்தளம் 2022 மே 17 அன்று தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 220 கோடி ரூபாய் செலவில் அமைந்த இத்தளத்தில் உள்நாட்டு வானொலிக் கருவிகளைச் சோதிக்க முடிகிறது.

சராசரியும் உச்சமும்: டோகர்ட்டி முறை

4ஜி சமிக்ஞையில் நூற்றுக்கணக்கான துணை அலைகள் கூடிப் பயணிக்கின்றன. அவை எப்போதாவது ஒரே கட்டத்தில் சேரும்போது உச்சம் எழுகிறது. வடிகட்டிக் குறைத்த பின்னரும் உச்சம் சராசரியைவிட 7, 8 டெசிபெல் உயர்ந்து நிற்கும். உச்சத்துக்காகக் கட்டப்பட்ட பெருக்கி, பெரும்பாலான நேரம் அதன் ஆறில் ஒரு பங்கில்தான் ஓடுகிறது. அந்நிலையில் பி வகுப்பின் பயனுறுதிறன் 78.5 இலிருந்து 31 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். விளம்பரங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் வரும் உச்சப் பயனுறுதிறனை மட்டும் பார்த்து ஒரு பெருக்கியை மதிப்பிடுவது தவறு என்பதற்கு இதுவே காரணம்.

பெல் ஆய்வகத்தின் வில்லியம் டோகர்ட்டி 1936 இல் வானொலி நிலையங்களின் வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளுக்காக இதற்கொரு வழி கண்டார். முதன்மை, துணை என இரு பெருக்கிகள் உண்டு. சிறிய சமிக்ஞைக்கு முதன்மை மட்டும் இயங்குகிறது. அது இருமடங்கு சுமையைக் காண்பதால் பாதி மின்னழுத்தச் சமிக்ஞையிலேயே தன் முழு வீச்சை எட்டிவிடுகிறது. உச்சம் வரும்போது துணை விழிக்கிறது. சரக்குத் தொடர்வண்டி மேட்டில் ஏறும்போது பின்னால் ஓர் எஞ்சின் சேர்வதைப் போன்றது இது. ஆனால் இங்கே துணை தன் பங்கைத் தள்ளுவதோடு முதன்மை உணரும் சுமையையும் மாற்றுகிறது. இதனால் உச்சத்திலிருந்து 6 டெசிபெல் கீழேயும் கருத்தியலில் 78.5 விழுக்காடு கிடைக்கிறது. நடைமுறையில் சராசரியாக 50 விழுக்காட்டை ஒட்டிய அளவு எட்டத்தக்கது.

இதன் குறை, இரண்டையும் இணைக்கும் கால் அலைநீளச் செலுத்துதடம். 780 மெகாஹெர்ட்சுக்கு வெற்றுவெளியில் அது 9.6 செ.மீ.; 2140 மெகாஹெர்ட்சில் அதே தடம் ஏறத்தாழ 0.69 அலைநீளமாகி, வேண்டிய மாற்றத்தைச் செய்யாது. எளிய டோகர்ட்டி அமைப்பின் பயன்படு பட்டை மைய அதிர்வெண்ணில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டு அளவிலேயே நிற்கிறது. 758 முதல் 803 வரை அதற்குள் அடங்கும். 1805 முதல் 2170 வரை அடங்காது. எனவே இணைப்புச் சுற்றையே மாற்றியமைக்கும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. கார்டிஃபின் செப்பர்டு, பவல், கிரிப்சு ஆகியோர் 2016 இல் முன்வைத்த சுமைமாற்றச் சமநிலைப் பெருக்கி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதில் கால் அலைத் தடத்துக்குப் பதிலாக அகன்ற பட்டை இணைப்பியின் வழியே கட்டுப்பாட்டுச் சமிக்ஞை செலுத்தப்படுகிறது.

ஒரு கணக்கு

சராசரி 40 வாட் வெளியிடும் ஓர் அலைபரப்பியைக் கொள்வோம். 31 விழுக்காட்டில் அது 129 வாட் உட்கொள்ளும்; 50 விழுக்காட்டில் 80 வாட். வேறுபாடு 49 வாட். மூன்று திசைகளுக்கும் இரண்டிரண்டு என ஆறு அலைபரப்பிகள் உள்ள கோபுரத்தில், முழுச்சுமையில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரம். இரவில் பயன்பாடு குறையும்போது வேறுபாடும் குறையும் என்பதை நினைவிற்கொள்க. தமிழ்நாட்டில் 1 கிலோவாட் சூரியத் தகடு நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தருமாகையால், 7 யூனிட் என்பது 1.75 கிலோவாட் தகட்டுக்குச் சமம். அதில் பாதிக்கு மேல் இரவுக்காகச் சேமிக்கவேண்டுமெனில் 48 வோல்ட் மின்கல அடுக்கில் 80 ஆம்பியர்-மணிக்கு மேல் கூடுதலாகத் தேவை. சிறிய டீசல் மின்னாக்கி ஒரு லிட்டருக்கு 3 யூனிட் தருவதாகக் கொண்டால் நாளுக்கு 2 லிட்டருக்கு மேல். பலநாள் மழைமேகம் மூடிக் கிடக்கும் மலையில், கோபுரம் அணைவதும் அணையாதிருப்பதும் இந்த 7 யூனிட்டைப் பொறுத்ததாக இருக்கலாம். இழப்பு குறைந்தால் வெப்பமும் குறையும். குளிர்விக்க விசிறி தேவைப்படாமல், உலோகத் துடுப்புகளே போதுமானவையாகும்.

வடிவமைப்பு நடைமுறை

முதலில் டிரான்சிஸ்டரின் வெளியீட்டில் பல்வேறு சுமைகளை இட்டு, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் திறனும் பயனுறுதிறனும் எங்கே மிகுகின்றன என அளப்பர். இது சுமையிழுப்பு அளவீடு எனப்படும். அளவீட்டின்போது உறையின் கம்பிகளும் பலகையின் தடங்களும் சேர்க்கும் விளைவைக் கழித்து, டிரான்சிஸ்டரின் உள்ளேயே அலைவடிவம் எப்படியுள்ளது என்று காணவேண்டும். வெளி முனையில் மட்டும் பார்த்தால் ஜே வகுப்பா வேறொன்றா என்று சொல்லவே இயலாது. அடுத்து, கிடைத்த இலக்குப் பரப்புகளுக்குள் பட்டை முழுவதும் விழுமாறு பொருத்தச் சுற்று தேடப்படுகிறது. நேர்திசை மின்சாரத்தை ஊட்டும் தடமும் இச்சுற்றின் உறுப்பே. அதனைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால் தாழ் அதிர்வெண்ணில் அலைவு எழுந்து டிரான்சிஸ்டர் எரிந்துபோவதுண்டு.

உயர்ந்த பயனுறுதிறன் நேர்போக்கைக் கெடுக்கும். உருத்திரிந்த சமிக்ஞை அடுத்த நிறுவனத்தின் அலைக்கற்றைக்குள் கசியும் என்பதால், பெருக்கி செய்யப்போகும் திரிபை முன்னரே கணித்து எதிர்த்திரிபைச் சேர்க்கும் எண்முறை முன்திரிப்பு பயன்படுகிறது. இதற்கான சுற்று சமிக்ஞையின் அகலத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு அகலத்தில் இயங்கவேண்டும். 20 மெகாஹெர்ட்சு சமிக்ஞைக்கு 100 மெகாஹெர்ட்சு. இக்கணிப்பைச் செய்யும் சில்லும் மின்சாரம் உண்கிறது. சிறிய கோபுரங்களில், பெருக்கியில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை இச்சில்லு எடுத்துக்கொள்வதால், 5 வாட்டுக்குக் குறைந்த வெளியீடுள்ள கருவிகளில் எளிய முன்திரிப்புச் சுற்றுகளே விரும்பப்படுகின்றன.